படத்திருத்தத்திற்கு மாதச் சந்தா அவசியமா?

நமது சங்கங்களின் செலவுக் கணக்கில் அண்மைக் காலமாகப் புதிய இனம் ஒன்று இடம்பெற்று வருகிறது. நூல், சாயம், ஜரிகை, கூலி, வண்டிச் சத்தம், மின்சாரம் என்று வழிவழியாக வந்த இனங்களுக்கிடையே ‘மென்பொருள் சந்தா’ என்ற பெயரில் மாதந்தோறும் ஒரு தொகை பற்று எழுதப்படுகிறது. சில சங்கங்களில் அது ‘இதரச் செலவு’ என்னும் தலைப்பினுள் ஒளிந்து கொண்டிருக்கிறது. வவுச்சரைக் கேட்டுப் பார்த்தால், சேலைகளையும் விளைபொருள்களையும் படம் பிடித்து, அப்படங்களைச் செப்பனிட்டு, வாட்ஸ்அப் வழியாகவும் இணையக் கடைகள் வழியாகவும் வாங்குவோருக்குக் காட்டுவதற்கென எடுத்த மென்பொருளின் வாடகை என்று தெரிய வருகிறது.

தொகை முதலில் சிறிதாகவே தோன்றும். மாதம் 1,000 ரூபாய் என்று ஒரு கணக்குக்காக வைத்துக் கொள்வோம். ஆண்டுக்கு 12,000. அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 14,160. ஐந்தாண்டுகளில் 70,800 ரூபாய் வெளியே போயிருக்கும். சங்கத்தின் சொத்துப் பட்டியலில் அதற்கு ஈடாக எழுத ஒரு பொருளும் இராது. தறி வாங்கினால் தேய்மானம் போக ஏதேனும் மிஞ்சும். இதில் மிஞ்சுவது ரசீதுகள் மட்டுமே.

படமே வேண்டாம் என்று சொல்ல நாம் வரவில்லை. கடைக்கு வந்து துணியைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து வாங்கும் வழக்கம் குறைந்துகொண்டே வருகிறது. ஆரணிப் பட்டானாலும், ஜவ்வாது மலைச் சாமையானாலும், நம் பக்கத்து மல்லாட்டையானாலும், வாங்குபவர் கண்ணுக்கு முதலில் எட்டுவது படமே. அந்தப் படம் பொய் சொன்னால் நஷ்டம் சங்கத்தைச் சேரும். நாம் பார்வையிட்ட நெசவாளர் சங்கம் ஒன்றில், அரக்கு நிறச் சேலையைக் குண்டு பல்பின் மஞ்சள் ஒளியில் படம் பிடித்து அனுப்பினார்கள். படத்தில் அது தக்காளிப் பழம் போலத் தோன்றிற்று. வாங்கிய அம்மையார், ‘நான் கேட்ட நிறம் இதுவன்று’ எனத் திருப்பி அனுப்பிவிட்டார். போக வர ஆன தபால் செலவு சங்கத்தின் கணக்கில் ஏறியது. இந்தச் சம்பவத்திற்குப் பிறகே, ‘நல்ல மென்பொருள் வேண்டும்’ என்று அச்சங்கத்தார் ஓராண்டுச் சந்தா கட்டினார்கள். புதுப்பிக்கும் தருணம் வந்தபோது நிர்வாகக் குழுவில் வாக்குவாதம் எழுந்தது. “இந்தப் பணத்துக்கு எத்தனை சேலை நெய்ய வேண்டும் என்று யாராவது எண்ணிப் பார்த்தீர்களா?” என்று மூத்த நெசவாளர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. இக்கட்டுரை அக்கேள்வியிலிருந்தே பிறந்தது.

முதலில் இச்சந்தா முறை எவ்வாறு வந்தது என்பதைச் சுருக்கமாக அறிந்து கொள்வது நலம். படத்திருத்தம் என்றாலே பலருக்கும் நினைவுக்கு வரும் போட்டோஷாப் என்னும் மென்பொருளை, அமெரிக்காவில் தாமஸ் நோல், ஜான் நோல் என்னும் சகோதரர்கள் 1987-ல் ஆக்கத் தொடங்கினார்கள். அடோபி நிறுவனம் அதனை 1990 பிப்ரவரியில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் அது மற்றச் சாமான்களைப் போலவே விற்கப்பட்டது. ஒரு முறை விலை கொடுத்தவர், கணினி ஒத்துழைக்கும் வரையில் அதனைப் பயன்படுத்தலாம். 2012-ல் வந்த சி.எஸ். 6 பதிப்பே அவ்விதம் விற்ற கடைசிப் பதிப்பு. இனிப் புதிய பதிப்புகள் யாவும் சந்தாதாரர்களுக்கே என்று 2013 மே மாதத்தில் அந்நிறுவனம் அறிவித்தது. அதன் வழியை வேறு பல நிறுவனங்களும் பின்பற்றின.

நெசவாளர்களுக்கு இதனை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. தறி முதலாளியுடையது, உழைப்பு நெசவாளருடையது என்ற ஏற்பாட்டை நம் பாட்டன்மார் நன்கு அறிவார்கள். வாடகை நின்ற மாதம் தறியும் நிற்கும். இதிலும் அவ்வாறே, சந்தா முடிந்தவுடன் மென்பொருள் திறக்க மறுக்கும். நம் படங்கள் நம் கணினியிலேயே இருக்கும் என்பது உண்மை. ஆனால் அம்மென்பொருளுக்கே உரிய கோப்பு வடிவத்தில் அடுக்கடுக்காகச் சேமித்து வைத்த வேலைகளைப் பிற மென்பொருள்களில் அப்படியே முழுமையாகத் திறக்க முடியும் என்று உறுதி கூற இயலாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ‘மாதத் தவணை’ என்று பார்த்தவுடன், வேண்டாதபோது அடுத்த மாதமே நிறுத்திவிடலாம் என்று நினைத்து விடுகிறோம். பல திட்டங்கள் உண்மையில் ஓராண்டு ஒப்பந்தங்கள். பணம் கட்டுவது மட்டுமே மாதாமாதம். நடுவில் விலகினால், மீதமுள்ள மாதங்களுக்கான தொகையில் ஒரு பங்கைக் கட்ட நேரிடும். இக்கட்டணத்தைச் சரிவர வெளிப்படுத்தாமல் மறைத்தது, விலகும் வழியைக் கடினமாக்கியது என்று குற்றம் சாட்டி, 2024 ஜூனில் அமெரிக்க மத்திய வாணிபக் கமிஷனின் பரிந்துரையின்பேரில் அந்நாட்டு நீதித் துறை அடோபி நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. வழக்கின் நியாயம் எப்பக்கம் இருப்பினும், கையெழுத்திடுமுன் ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும் என்ற பழைய பாடம் இதற்கும் பொருந்தும். கடன் பத்திரத்தை மூன்று முறை வாசிக்கச் சொல்லும் நம் காரியதரிசிகள், கணினித் திரையில் ‘சம்மதம்’ என்ற பொத்தானை மட்டும் வாசிக்காமலே அழுத்தி விடுகிறார்கள்.

சந்தாவும் கட்டாமல், மென்பொருளையும் விடாமல், எவரோ பூட்டை உடைத்துத் தந்த பிரதியை நிறுவிக் கொள்ளும் வழி ஒன்று உண்டு. ஊரில் கணினி பழுது பார்ப்பவரே ‘போட்டுத் தருகிறேன்’ என்பார். இது கூடாது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவு, அறிந்தே இவ்விதப் பிரதியைப் பயன்படுத்துவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. அதோடு, அத்தகைய பிரதிகளின் உள்ளே என்னென்ன ஒட்டிக்கொண்டு வருகின்றன என்பதை யாரும் அறியார். அங்கத்தினர்களின் சேமிப்புக் கணக்கும் பங்குத் தொகையும் பதிவாகியுள்ள அதே கணினியில் அதனை ஏற்றுவது, தானியக் களஞ்சியத்தில் பெருச்சாளியைக் குடியேற்றுவதற்கு ஒப்பாகும்.

நேர்மையான வழி ஒன்று உண்டு. அதன் வரலாறு கூட்டுறவாளர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. 1995-ல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் படித்துக் கொண்டிருந்த ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ் என்னும் இரு மாணவர்கள், படம் திருத்தும் மென்பொருள் ஒன்றைத் தாமே எழுதத் தொடங்கினார்கள். 1996-ல் அதனை உலகோர் யாவருக்கும் பொதுவாக வெளியிட்டார்கள். அதுவே கிம்ப். அவ்விருவரும் படிப்பை முடித்து விலகிய பின்னரும் அது அழியவில்லை. பல நாட்டுத் தன்னார்வலர்கள் பொறுப்பேற்று நடத்தி வருகிறார்கள். 2018-ல் 2.10 பதிப்பும், 2025 மார்ச்சில் 3.0 பதிப்பும் வெளிவந்தன.

கிம்ப் இலவசம் என்பது அதன் சிறப்பில் பாதியே. மறுபாதி அதன் உரிமப் பத்திரத்தில் இருக்கிறது. அதனை எவரும் எக்காரியத்துக்கும் பயன்படுத்தலாம், உள்ளே எவ்வாறு இயங்குகிறது என்று பிரித்துப் பார்க்கலாம், பிறருக்குப் படியெடுத்துக் கொடுக்கலாம், திருத்தியும் கொடுக்கலாம். திருத்தியதைப் பிறருக்கு வழங்குவோர் அதே உரிமைகளையும் உடன் வழங்கியாக வேண்டும். ஆதலால் ஒரு தனி முதலாளி நாளை அதனைப் பூட்டி வாடகைக்கு விட இயலாது. இத்தகைய மென்பொருளைத் தமிழில் ‘கட்டற்ற மென்பொருள்’ என்கிறோம். 1844-ல் இங்கிலாந்தின் ராக்டேல் நகரில் 28 தொழிலாளர்கள், அவர்களுள் நெசவாளர் பலர், மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் தமக்குத் தாமே விற்றுக் கொள்ளும் கடையைத் திறந்த கதையை நமது பயிற்சி வகுப்புகளில் கேட்டிருப்பீர்கள். கிம்ப்பை எழுதியவர்கள் கூட்டுறவாளர்கள் என்று தம்மைச் சொல்லிக் கொண்டதில்லை. ஆயினும் பொதுக் கிணறு தோண்டுகிற காரியத்தையே அவர்களும் செய்தார்கள்.

எனினும் வரலாறு சேலையை விற்றுத் தராது. ஆகவே, மேலே குறிப்பிட்ட சங்கத்தாரையும், அக்கம்பக்கத்து விவசாயிகள் சிலரையும் அழைத்துக்கொண்டு, அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டிய கூடம் ஒன்றில் ஒரு பிற்பகல் அமர்ந்தோம். திருவண்ணாமலையைச் சுற்றும் 14 கிலோமீட்டர்ப் பாதையில், மலையின் மேற்குப் புறத்தில் உள்ள அவ்வூரில் பௌர்ணமி தவிர மற்ற நாட்களில் அமைதிக்குக் குறைவில்லை. ஒருவர் வீட்டுப் பெட்டியில் பல ஆண்டுகளாக உறங்கிக் கிடந்த அரசாங்க மடிக்கணினி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்குத் தந்த கணினிகளில், சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளமும் இருந்ததைச் சிலர் மறந்திருக்கலாம். அந்தப் பழைய கணினியில் கிம்ப்பின் முந்தைய பதிப்பு மெதுவாகத்தான் ஓடியது. ஆயினும் ஓடியது. நமது காரியத்துக்கு அது போதுமானதாக இருந்தது. புதிய 3.0 பதிப்புக்கு விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்திய இயங்குதளம் தேவை. லினக்ஸிலும் அது இயங்கும்.

திருப்பி வந்த அதே அரக்குச் சேலையின் படத்தையே முதலில் திறந்தோம். நல்ல வேளையாக, படத்தின் ஓரத்தில் விலை எழுதிய வெள்ளைத் தாள் ஒன்று கிடந்தது. படம் என்பது கணினிக்கு எண்களே. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள், 0 முதல் 255 வரை. வெள்ளையோ சாம்பலோ ஆன பொருளில் மூன்று எண்களும் ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும். குண்டு பல்பின் ஒளியில் சிவப்பு மிகும், நீலம் குறையும். வெள்ளைத் தாளே மஞ்சளாகத் தெரியும்போது அரக்கு மட்டும் அரக்காக நிற்குமா? கிம்ப்பில் ‘கலர்ஸ்’ பட்டியலின் கீழ் ‘லெவல்ஸ்’ என்று ஒரு கருவி உண்டு. அதில் மூன்று சொட்டுக்குழல்கள் இருக்கின்றன: கறுப்புக்கு ஒன்று, சாம்பலுக்கு ஒன்று, வெள்ளைக்கு ஒன்று. நடுவில் உள்ள சாம்பல் குழலை எடுத்து அந்தத் தாளின் மேல் தொட்டோம். அப்புள்ளியின் மூன்று எண்களையும் கணினி சமமாக்கியது. அதே விகிதத்தில் படம் முழுவதும் மாறியது. தக்காளி நிறம் மறைந்து, அரக்கு வந்து நின்றது. கேள்வி கேட்ட மூத்த நெசவாளர் சேலையைத் திரைக்கருகே பிடித்துப் பார்த்து, “அறுபது எழுபது வீதம் வந்துவிட்டது” என்றார். அவ்வளவே ஒப்புக்கொண்டார். மீதி, படம் பிடித்த வெளிச்சத்தின் குற்றம் என்பதை அவரே சொன்னார்.

அவர் சொன்னது சரியே. மென்பொருளை மாற்றுவதற்கு முன் வெளிச்சத்தை மாற்றுவது மலிவு. அடுத்து அதே சேலையை வாசலுக்குக் கொண்டு போய், நேர் வெயில் படாத நிழலில் வைத்து, பக்கத்தில் ஒரு தாளையும் வைத்து, அதே கைபேசியால் படம் எடுத்தோம். இம்முறை திருத்த வேண்டியது மிகச் சொற்பமே. தாளுக்குப் பதிலாக வெளுக்காத நூல் கண்டு ஒன்றை வைத்துப் பார்த்தார் ஓர் இளைஞர். படம் நீலம் பாரித்துப் போயிற்று. வெளுக்காத நூலில் இயற்கையாகவே மஞ்சள் உண்டு. அதனைச் சாம்பல் என்று கணினிக்குச் சொன்னால், இல்லாத மஞ்சளைக் கழிக்க அது நீலத்தைக் கூட்டிவிடும். புகைப்படக் கடைகளில் கிடைக்கும் சாம்பல் நிற அட்டை ஒன்றை வாங்கி வைத்துக் கொள்வது உத்தமம்.

மயில்கழுத்து நிறத்தில் மட்டும் நாம் தோற்றோம். பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம் என்று நெய்த துணி, பார்க்கும் கோணத்துக்கு ஏற்பப் பச்சையாகவும் நீலமாகவும் மின்னும். அது துணியின் இயல்பு. அதை ஒரே படத்தில் அடக்க எந்த மென்பொருளாலும் ஆகாது, சந்தா கட்டியதானாலும் சரி. முந்தானையை மடித்து, இரண்டு கோணங்களில் இரண்டு படங்கள் எடுத்து, இரண்டையும் வாங்குபவருக்கு அனுப்புவதே வழி.

மற்ற வேலைகள் எளியவை. வேண்டாத ஓரங்களை வெட்டுவது, சாய்ந்த படத்தை நிமிர்த்துவது, அளவைக் குறைப்பது ஆகியவற்றை அன்று வந்திருந்த பெண் எழுத்தர் அரை மணி நேரத்தில் கற்றுக்கொண்டார். கைபேசிப் படம் 4,000 புள்ளி அகலம் இருக்கலாம்; விலைப்பட்டியலில் காட்ட 1,500 புள்ளி தாராளம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது தானே சுருக்கித் தரத்தைக் குறைத்துவிடும். ‘டாக்குமென்ட்’ என்று அனுப்பினால் உள்ளபடியே போய்ச் சேரும். ஓர் இடத்தில் மட்டும் எல்லோரும் தடுமாறினார்கள். கிம்ப்பில் ‘சேவ்’ என்றால் அது தன் சொந்த வடிவத்தில்தான் சேமிக்கும். சாதாரண ஜேபெக் படம் வேண்டுமானால் ‘எக்ஸ்போர்ட்’ என்று கட்டளையிட வேண்டும். இதை அறியாமல் ‘கிம்ப் வேலை செய்யவில்லை’ என்று கைவிட்டவர்களை நாம் கண்டிருக்கிறோம்.

தமிழ் எழுத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். படத்தின் மேல் விலையையும் ரகத்தின் பெயரையும் எழுதும்போது, ‘கொ’ என்பது ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியே சிதறிப் போகும் அவலத்தைப் பலரும் அனுபவித்திருப்பார்கள். மெய்யெழுத்தின் இரு பக்கமும் குறிகள் அமைந்த நம் எழுத்தைச் சரிவர அடுக்க, மென்பொருளுக்குள் அதற்கென்றே ஒரு பொறி வேண்டும். பழைய போட்டோஷாப் பதிப்புகளில் ஒருங்குறித் தமிழ் உடைந்து போனமையால், அச்சகத்தார் பாமினி போன்ற பழைய குறியேற்ற எழுத்துருக்களையே பிடித்துக் கொண்டிருந்தார்கள். பிற்காலப் பதிப்புகளில் அதற்கான அமைப்பைத் தேர்ந்துகொண்டால் தமிழ் சரியாக வரும். கிம்ப் எழுத்தை அடுக்க பாங்கோ, ஹார்ஃபஸ் என்னும் கட்டற்ற பொறிகளைப் பயன்படுத்துவதால், தட்டச்சு செய்த தமிழ் தட்டச்சு செய்தபடியே நிற்கிறது. எழுத்துருவுக்கும் காசு தர வேண்டியதில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், லோகித் தமிழ், கேட்டமரான் ஆகியவை கட்டற்ற உரிமத்தில் கிடைக்கின்றன. கேட்டமரான் என்ற பெயர் நம் கட்டுமரத்தின் ஆங்கில வடிவமேயாகும்!

கிம்ப் ஒன்றே மருந்து என்று நாம் சொல்லவில்லை. பிறர் அனுப்பிய போட்டோஷாப் கோப்பைத் திறந்து இரண்டு எழுத்தை மாற்ற வேண்டுமானால், போட்டோபீ சௌகரியமானது. இவான் குட்ஸ்கிர் என்ற ஒருவர் உருவாக்கி 2013-ல் வெளியிட்டது. எதையும் நிறுவாமல் இணைய உலாவியிலேயே இயங்கும். விளம்பரங்களைச் சகித்துக்கொண்டால் கட்டணமில்லை. படம் நம் கணினியை விட்டு வெளியே போவதுமில்லை. புட்டாவும் கரையும் வரைந்து பார்க்கும் வடிவமைப்பாளர்களுக்கு கிரிட்டா என்னும் கட்டற்ற மென்பொருள் ஏற்றது. அது வரைவதற்கென்றே ஆக்கப்பட்டது. பெரிய காமிராவில் கச்சாக் கோப்பாக எடுப்போருக்கு டார்க்டேபிள், ராதெரப்பி என இரண்டு உண்டு. நம் சங்கங்களில் அத்தேவை அரிது.

கணினியே இல்லாத சங்கத்துக்குக் கைபேசியில் இயங்கும் ஸ்னாப்சீட் போதும். கூகுள் 2012-ல் வாங்கிய அச்செயலியில், மேலே சொன்ன வெள்ளைத் தாள் வித்தையை விரலாலேயே செய்து விடலாம். விவசாய அங்கத்தினர்களுக்கு நாம் இதனையே சிபாரிசு செய்கிறோம். கிச்சிலிச் சம்பா அரிசியின் படத்துக்கு அதற்கு மேல் அலங்காரம் தேவையில்லை.

அஃபினிட்டி என்ற மென்பொருளைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். இங்கிலாந்தின் செரிஃப் நிறுவனம் அதனை ஒரே முறை விலைக்கு விற்று வந்தது. சந்தாவை வெறுத்தோர் பலர் அதனை நாடினார்கள். 2024-ல் கேன்வா நிறுவனம் செரிஃப்பை வாங்கியது. 2025 அக்டோபரில் அஃபினிட்டியை இலவசமாக்கியது. கேன்வா கணக்கு ஒன்று திறக்க வேண்டும், செயற்கை அறிவு வசதிகளுக்கு மட்டும் கட்டணம். திறமையில் அது கிம்ப்புக்கு இளைத்ததன்று. அச்சு வேலையில் மேலானது என்றும் சொல்லலாம். ஆனால் இவ்விலவசம் ஒரு நிறுவனத்தின் மனமுவந்த சலுகை. கிம்ப்பின் இலவசம் பத்திரத்தில் எழுதிய உரிமை. சலுகையைத் தாராளமாக அனுபவிக்கலாம். அதனை நம்பிச் சங்கத்தின் பத்தாண்டுப் படங்களையும் அவ்வடிவத்திலேயே வைத்துவிடலாகாது.

கட்டற்ற வழியின் குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கிம்ப் பழகுவதற்குச் சற்றுக் காலம் பிடிக்கும். போட்டோஷாப் பழகிய கை முதல் வாரம் எரிச்சலடையும். கட்டளைப் பட்டியல்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு இருந்தாலும் அது முழுமையானதன்று. நான்கு மை அச்சுக்குரிய வண்ண முறையில் நேரடியாக வேலை செய்ய அதில் வசதியில்லை. ஏற்றுமதி செய்யும்போது மாற்றிக்கொள்ளலாம், அவ்வளவே. கோ-ஆப்டெக்ஸ் கண்காட்சிக்கு வண்ணக் கையேடு அச்சிட வேண்டியிருந்தால், அந்த ஒரு வேலையைத் தேர்ந்த வடிவமைப்பாளரிடம் கூலி பேசிக் கொடுப்பதே சிக்கனம். ஆண்டில் ஒரு முறை வரும் வேலைக்காகப் பன்னிரண்டு மாதம் வாடகை கட்டுவானேன்? நாள் முழுதும் படத்திருத்தமே தொழிலாக உள்ளவருக்குச் சந்தா கட்டுப்படியாகலாம். அவருடைய கணக்கு வேறு, நம்முடைய கணக்கு வேறு.

சந்தா மென்பொருள்களில் இப்போது ஒரு கவர்ச்சி சேர்ந்திருக்கிறது. படத்தில் இல்லாததைச் செயற்கை அறிவால் வரவழைத்து நிரப்பிக் கொள்ளலாம். சேலை விற்பவருக்கு இது ஆபத்தானது. கரையின் ஒரு மூலை மறைந்திருந்தால், நெசவாளர் போடாத புட்டாவை அது தானே போட்டுக் காட்டும். வாங்கியவர் அந்தப் புட்டாவைத் தேடினால் நாம் என்ன பதில் சொல்வது? திசைதிருப்பும் விளம்பரங்களை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொறுத்துக் கொள்வதில்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

அன்று கூட்டத்தில் விவசாயி ஒருவர், “காசு வாங்காதவன் பழுது வந்தால் எதற்கு வந்து நிற்பான், ஐயா?” என்று வினவினார். இதற்கு நேரான விடை, யாரும் வந்து நிற்கக் கடமைப்பட்டவர் அல்லர் என்பதே. ஆகையால் நம்முள் ஒருவர் கற்றிருக்க வேண்டும். அது ஆகாத காரியமன்று. அண்டை மாநிலமாகிய கேரளத்தில் அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வி கட்டற்ற மென்பொருளில் நடக்கிறது. அங்குள்ள பாடநூல்களில் கிம்ப் பாடமாகவே வைக்கப்பட்டிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் கற்பதை நம் எழுத்தர்கள் கற்க மாட்டார்களா? தமிழில் படித்தறிய விரும்புவோருக்கு, 2012-லிருந்து கட்டற்ற மென்பொருள் பற்றி வெளிவரும் கணியம் இதழ் துணை செய்யும். அருகருகே உள்ள நான்கைந்து சங்கங்கள் சேர்ந்து ஓர் இளைஞரையோ யுவதியையோ பயிற்றுவித்து, வாரம் ஒரு நாள் ஒவ்வொரு சங்கத்துக்கும் வரச் செய்து, அவருக்குரிய ஊதியத்தைப் பகிர்ந்து கொள்ளலாம். வெளிநாட்டுக்குப் போகும் சந்தாத் தொகையில் ஒரு பகுதி உள்ளூர்ப் பிள்ளைக்குச் சம்பளமாகும். மீதியில் ஒரு சிறு தொகையை கிம்ப்பைப் பராமரிப்போருக்கு நன்கொடையாக அனுப்பினாலும் தகும். பொதுக் கிணற்றில் நீர் இறைப்பவர் தூர் வாரவும் கை கொடுப்பது முறை.

சந்தாவை நிறுத்தத் தீர்மானிக்கும் சங்கங்கள் அவசரப்பட வேண்டாம். நிறுத்துவதற்கு முன், அம்மென்பொருளிலேயே பழைய கோப்புகள் யாவற்றையும் திறந்து, எங்கும் திறக்கக்கூடிய டிஃப் அல்லது பி.என்.ஜி. வடிவத்தில் ஒரு படி எடுத்து, வெளி வட்டு ஒன்றில் பத்திரப்படுத்த வேண்டும். இரண்டு மாத காலம் கிம்ப்பிலும் அதே வேலையைச் செய்து பழகிக் கொள்வது நல்லது. பின்னர் ஒப்பந்தத்தின் ஆண்டு முடிவுத் தேதியைப் பார்த்து, அதற்கு முன்பாக விலகல் அறிவிப்பைக் கொடுத்து, அதன் ஒப்புதலை அச்செடுத்துக் கோப்பில் சேர்த்து, வங்கியிலிருந்து தானாகப் பணம் பிடிக்கும் உத்தரவையும் ரத்து செய்ய வேண்டும். தேதி தவறினால் இன்னுமோர் ஆண்டு தானே தொடங்கிவிடும். அரக்குச் சேலைச் சங்கத்தார் அந்தத் தேதியை அலுவலகச் சுவரிலுள்ள நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறார்கள். அதற்கு இன்னும் ஏழு வாரங்கள் இருக்கின்றன.